பெரியப்பாவே கலியாணத்தை நடத்திவைக்கலாமா? திருகோணமலையில் இருக்கும் வழிகள்

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் புல்தரை. நூறு பேர். மணவறைக்கு முன்னால் ஐயருக்குப் பதிலாகத் தூக்கி வளர்த்த பெரியப்பா நின்று நாலு வார்த்தை பேசி, தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவே சட்டப்படியான கலியாணமாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஊரில் வந்து கலியாணம் செய்ய நினைக்கும்போது இந்த ஆசையை இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். அமெரிக்காவில் நண்பர் ஒருவரின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் மாமாவே எல்லாம் செய்து, கடைசியில் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டதைப் பார்த்திருப்பார்கள். அதை இங்கேயும் செய்யலாம்தானே என்று கேட்பார்கள்.

பெரியப்பா நடத்திவைப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அவர் நடத்திவைப்பதால் மட்டும் இலங்கைச் சட்டத்தில் அது பதிவாகாது. இந்த இரண்டையும் சேர்த்து எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே தரமல்ல. எனக்குப் பிடித்தது எது, எதை விட்டுவிடச் சொல்வேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சட்டம் யாரை ஏற்றுக்கொள்கிறது

இலங்கையில் பெரும்பாலானோரின் கலியாணப் பதிவுக்கு அடிப்படை 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். முஸ்லிம்களுக்கும், கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் முடிப்பவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கலியாணத்தை நடத்திவைக்க இரண்டு பேருக்குத்தான் அதிகாரம். ஒருவர் விவாகப் பதிவாளர். மற்றவர், பதிவு செய்யப்பட்ட தேவாலயத்தில் வைத்து நடத்தும் கிறிஸ்தவக் குருவானவர்.

கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் ஐயர் இல்லை. பத்திரகாளி அம்மன் கோயிலிலோ கோணேசர் கோயிலிலோ முறையாகத் தீட்சை பெற்ற குருக்கள் ஓமம் வளர்த்து, அம்மி மிதிக்க வைத்து, அருந்ததி காட்டி முடித்தாலும் பதிவேட்டைத் திறப்பதற்கு ஒரு பதிவாளர் வந்தாக வேண்டும். பதிவைப் பொறுத்தவரை ஐயரும் உங்கள் பெரியப்பாவும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் எங்கள் ஆட்கள் காலங்காலமாகக் கலியாணத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். "எழுத்து முடிந்ததா?" என்று ஒரு கேள்வி. "தாலிகட்டு எப்போது?" என்று இன்னொரு கேள்வி. எழுத்து, அதாவது பதிவு, அரசாங்கத்துக்கு. தாலிகட்டு ஊருக்கு. அந்த இரண்டாவது பாதியை யார் நடத்துவது என்பதில் சட்டம் தலையிடுவதில்லை.

எழுத்து எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுக்க முடியாத பகுதி எது என்பது அப்போதுதான் விளங்கும். ஒரு மேசை, மேலே விரிப்பு, பதிவேடு, பேனா. பதிவாளர் இருவரையும் பார்த்துச் சட்டத்தில் உள்ள வாசகத்தைச் சொல்லுவார். என் முன்னிலையில் நீங்கள் ஒருவரை ஒருவர் ஏற்று, இந்தப் புத்தகத்தில் கையெழுத்திட்டால், வேறு எந்தச் சடங்கும் நடக்காவிட்டாலும் நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு இல்லாமல் இது குலையாது. அதற்கு முன் இன்னொரு கலியாணம் செய்தால் தண்டனைக்குரிய குற்றம் என்பது அதன் சாரம். பிறகு மணமக்கள் இருவரும், இங்கே கூடியிருப்போர் சாட்சியாக இவரை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். சாட்சிகள் இருவராவது இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். நேரம் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள். பதிவாளரின் அலுவலகம் அல்லாத இடத்தில் நடத்துவதென்றால் அதற்குத் தனி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.

முழுவதும் பத்து நிமிடம். கலியாண வீட்டில் யாரும் இதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை, வீடியோக்காரர்கூடச் சில வேளை அந்த நேரம்தான் பற்றரி மாற்றுவார். ஆனால் அந்த வாசகத்தை நின்று கேட்டால், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் பேசும் எந்தப் பேச்சைவிடவும் அது நேரடியானது என்று தோன்றும்.

முதல் வழி: எழுத்தை முன்னதாக முடித்துவிடுவது

கலியாணத்துக்குச் சில நாளோ சில வாரமோ முன்னதாக, பெண் வீட்டிலோ பதிவாளரின் அலுவலகத்திலோ நெருங்கிய சொந்தங்கள் மட்டும் கூடி எழுத்தை முடித்துவிடலாம். பிறகு பெரிய நாளன்று சட்டத்துக்கு வேலையே இல்லை. மணவறை, மைக், நேரம் எல்லாம் பெரியப்பாவின் கையில். அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும், எதைச் சொன்னாலும், எதை விட்டாலும் கலியாணம் செல்லாமல் போகாது.

எனக்கு இதுதான் முதல் தெரிவு. பெரியவர்களுக்கும் இது புதிதல்ல. விசா அலுவலுக்காக எழுத்தை ஆறு மாதம், ஒரு வருடம் முன்னதாக முடித்த குடும்பங்கள் திருகோணமலையில் எத்தனையோ. உவர்மலையிலும் பாலையூற்றிலும் எந்த வீட்டைத் தட்டினாலும் ஒரு கதை இருக்கும். "எழுத்து முடிஞ்சு போச்சு, இனிச் சடங்குதான்" என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்படப்போவதில்லை.

இதில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். சட்டப்படி அந்த முதல் நாளிலேயே அவர்கள் கணவன் மனைவி. இடையில் ஏதும் மனத்தாங்கல் வந்து கலியாணம் நின்றுபோனால் "எழுத்து மட்டும்தானே" என்று கிழித்துப் போட முடியாது, மாவட்ட நீதிமன்றம்வரை போக வேண்டும். எழுத்தை நிச்சயதார்த்தம் மாதிரி நினைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அது ஆபத்தான பழக்கம். ஆகவே இடைவெளியைக் குறைவாக வையுங்கள். விசா அவசரம் இல்லையென்றால் கலியாண வாரத்திலேயே, செவ்வாயோ புதனோ எழுத்து, ஞாயிறு சடங்கு என்றிருப்பது நல்லது. அந்த எழுத்தன்று பெண்ணுக்கு ஒரு நல்ல சேலை, வந்தவர்களுக்கு வடையும் கேசரியும் என்று சின்னதாகச் செய்தாலே போதும்.

இரண்டாவது வழி: ஒரே மேடை, ஒரே நாள்

பதிவாளரை மண்டபத்துக்கே அழைத்து, பெரியப்பா நடத்தும் சடங்கின் நடுவில் எழுத்தை வைப்பது. பிள்ளைகளின் மனதில் உள்ள படத்துக்கு இதுதான் மிகக் கிட்ட வரும். பெரியப்பா வரவேற்றுப் பேசுவார், இரு குடும்பத்தையும் பற்றிச் சொல்லுவார், பிறகு பதிவாளர் எழுந்து தன் வாசகத்தைச் சொல்லுவார், கையெழுத்து, உடனே தாலி, அதன்பின் மறுபடி பெரியப்பா. நன்றாகத் திட்டமிட்டால் எங்கே குடும்பம் முடிந்து எங்கே அரசாங்கம் தொடங்குகிறது என்பது விருந்தினருக்குத் தெரியாது.

திட்டமிடாவிட்டால் நன்றாகவே தெரியும். தை, ஆவணி முகூர்த்த நாளில் ஒரு பதிவாளருக்கு ஒரே காலையில் இரண்டு மூன்று இடம் இருக்கும். அவர் பாலையூற்றில் முடித்து வர நேரமாகும், இங்கே ராகுகாலம் நெருங்கும், பெரியப்பா மைக்கைப் பிடித்தபடி பேச்சை நீட்டிக்கொண்டிருப்பார். மண்டபத்தில் மேளகாரர் "வாசிக்கவா வேண்டாமா" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருப்பார். சடங்கின் நடுவில் எழுத்தை வைத்தால் அந்தத் தாமதம் முழுச் சடங்கையும் பிடித்து இழுக்கும். அதே நாள்தான் வேண்டும் என்றால் எழுத்தைத் தொடக்கத்தில் வையுங்கள், நடுவில் வேண்டாம்.

இடம் பற்றியும் ஒரு சங்கதி. உப்புவெளி ஹோட்டல்கள் 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும். இன்னும் கொஞ்சம் வடக்கே போய் நிலாவெளி என்றால் அது குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவு. பதிவாளர்கள் பிரிவு பிரிவாக நியமிக்கப்படுபவர்கள். ஆகவே டவுனில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற, பழக்கமான பதிவாளரையே வாகனத்தில் ஏற்றி நிலாவெளிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம். ஹோட்டலுக்கு முற்பணம் கட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் மாலைச் சூரியன் இறங்கும் நேரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இரண்டு தடைகள். ஒன்று, 6 மணி. இரண்டு, நிலாவெளிக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே கடலில் உதிக்கும், மறைவதோ உங்கள் முதுகுக்குப் பின்னால், பனைகளுக்கும் ஹோட்டல் தண்ணீர்த் தாங்கிக்கும் இடையில். விடியற்காலை ஆறரைக்கு வைத்தால் சட்டத்துக்கும் சரி, படத்துக்கும் சரி. உறவினர்கள் வருவார்களா என்பது வேறு கேள்வி.

இந்த வழியில் ஒரு குறுக்குப் பாதையைச் சிலர் கேட்பார்கள். பதிவாளர் ஓரமாக இருந்து கையெழுத்து மட்டும் வாங்கட்டும், வாசகத்தைப் பெரியப்பா சொல்லட்டும் என்று. கேட்கவே வேண்டாம். அந்த வாசகத்தைச் சொல்வதும், தன் முன்னிலையில் இருவரும் ஏற்பதைக் காண்பதும்தான் பதிவாளரின் வேலை. அதை விட்டுக்கொடுக்கும் பதிவாளர் தன் பதவியையும் உங்கள் சான்றிதழையும் ஒன்றாகப் பணயம் வைக்கிறார்.

பெரியப்பா குருவானவராக இருந்தால்

திருகோணமலையில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது நிஜமாகவே கிடைக்கக்கூடிய வாய்ப்பு. கத்தோலிக்கக் குடும்பங்களில் சித்தப்பா ஒருவர் சுவாமியாக இருப்பது சாதாரணம். மெதடிஸ்த குடும்பங்களில் மாமா போதகராக இருப்பார். அப்படி ஒருவர் இருந்து, கலியாணமும் பதிவு செய்யப்பட்ட தேவாலயத்தில் நடந்தால், அவரே சடங்கையும் நடத்தி, சட்டப்படியான பதிவையும் செய்யலாம். உறவினர் ஒருவர் 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் முழுமையாக நடத்திவைக்க உள்ள நேரான வழி இதுதான்.

நிபந்தனைகள் உண்டு. கலியாணம் செய்யப்போகிறோம் என்ற சிவில் அறிவித்தலை வழக்கம்போலப் பதிவாளரிடம் கொடுத்து, அவர் தரும் சான்றிதழைக் குருவானவரிடம் ஒப்படைக்க வேண்டும். தேவாலயத்தில் கலியாண அறிவிப்பாக ஓலை வாசிப்பது வேறு, இது வேறு. கத்தோலிக்கரானால் இன்னொன்று: மறைமாவட்டத்துக்கு வெளியே, மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ பணிசெய்யும் சித்தப்பா சுவாமி இங்கே வந்து நடத்த வேண்டுமென்றால், திருச்சபைச் சட்டப்படி உள்ளூர்ப் பங்குத்தந்தையிடமோ ஆயரிடமோ அதிகாரமளிப்புப் பெற வேண்டும். அது இல்லாமல் செய்தால் திருச்சபையின் பார்வையில் அந்தத் திருமணம் செல்லாது. பங்குத்தந்தைகள் இதற்கு மறுப்பதில்லை, முன்கூட்டியே கேட்டால் சந்தோஷமாகவே தருவார்கள். கேட்காமல் கடைசி நேரத்தில் போய் நிற்பதுதான் பிரச்சினை.

இணையத்தில் பெயரைப் பதிந்து ஐந்து நிமிடத்தில் "குருவானவர்" ஆன பெரியப்பாவை இந்த வகையில் சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1962இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் தொடங்கிய யுனிவேர்சல் லைப் சேர்ச் போன்ற அமைப்புகள் அப்படிப் பட்டம் தருகின்றன, அங்கே பல மாநிலங்கள் அதை ஏற்கின்றன. இங்கே சட்டம் கேட்பது ஒரு கிறிஸ்தவ சபையின் விதிப்படி திருநிலைப்படுத்தப்பட்டவரையும், பதிவு செய்யப்பட்ட வழிபாட்டிடத்தையும். ஹோட்டல் புல்தரை வழிபாட்டிடம் ஆகாது.

கிண்ணியாவிலும் மூதூரிலும்: முஸ்லிம் கலியாணங்கள்

மணமக்கள் இருவரும் முஸ்லிம்கள் என்றால் விஷயம் முற்றிலும் வேறு, அதுவும் இந்தக் கேள்விக்கு மிகச் சாதகமாக. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் நிக்காஹ் என்ற மணச் சடங்கை நடத்துபவரையும் பதிவாளரையும் இரண்டு வேறு ஆட்களாகவே பார்க்கிறது. மௌலவியாக இருக்கும் சாச்சா நிக்காஹ்வை நடத்தலாம். முஸ்லிம் விவாகப் பதிவாளர் பக்கத்தில் இருந்து மணமகனிடமும், மணமகளின் பொறுப்பாளரான 'வலி'யிடமும் வெளிப்படுத்தல் வாங்கி, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹரையும் எழுதி, பதிவைச் செய்வார். பதிவு நடப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மணமகன், வலி, நிக்காஹ் நடத்தியவர் ஆகிய மூவர் மேலும் இருக்கிறது. சாச்சா நடத்தினால் அந்தப் பொறுப்பு சாச்சாவுக்கும் உண்டு, ஓதிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட முடியாது.

அதைவிட முக்கியம், வலி என்ற இடமே உறவினருக்கு உரியது. பெரும்பாலும் வாப்பா, அவர் இல்லாவிட்டால் பாட்டன், சகோதரன் என்று வரிசை போகும். வலி தானே சொல்லி மணமுடித்துக் கொடுக்கலாம். வழக்கத்தில் பலர் அந்த உரிமையை மௌலவியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். மற்றச் சமூகங்கள் தேடி அலைவது இங்கே மரபாகவே இருக்கிறது. பதிவேட்டில் மணமகளின் கையெழுத்துக்கும் இடம் வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் நீண்டகாலமாகக் கேட்டுவருகிறார்கள். குடும்பத்தில் யார் நடத்துவது என்று கூடிப் பேசும் வேளையில், பெண்ணின் சொல்லை எந்த இடத்தில் கேட்கப்போகிறீர்கள் என்பதையும் பேசிவிடுங்கள்.

வெளிநாட்டில் சட்டம், ஊரில் சடங்கு

மணமக்கள் இருவருமே வெளிநாட்டில் வசித்தால், சட்டப் பகுதியை அங்கேயே முடித்துவிட்டு ஊருக்கு வந்து சடங்கை மட்டும் செய்யலாம். எந்த நாடு என்பதைப் பொறுத்து, உறவினருக்கே சட்ட அதிகாரம் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆளுநரிடம் விண்ணப்பித்து ஒரு நாள் அனுமதி வாங்கலாம், குறிப்பிட்ட ஒரு கலியாணத்தை நடத்த. கலிபோர்னியாவில் பல கவுண்டிகள் ஒருவரை ஒரு நாளைக்குத் துணை விவாக ஆணையாளராக்கும். கனடாவின் அல்பேர்ட்டாவில் உறவினரோ நண்பரோ தற்காலிக விவாக ஆணையாளராக விண்ணப்பிக்கலாம். அவுஸ்திரேலியாவில் இது கடினம். 1961ஆம் ஆண்டின் விவாகச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற நடத்துநர்தான் குறிப்பிட்ட வாசகத்தைச் சொல்ல வேண்டும், குறைந்தது ஒரு மாத அறிவித்தலும் வேண்டும். பெரியப்பா அவர் பக்கத்தில் நின்று மற்றதெல்லாம் செய்யலாம், எங்கள் இரண்டாவது வழி மாதிரியே. பிரான்ஸில் 'மேரி' எனப்படும் நகரசபை மண்டபத்தில்தான் எழுத்து, நகரபிதாவோ அவர் பொறுப்பளித்தவரோ நடத்துவார். உங்கள் அத்தான் நகரசபை உறுப்பினராக இருந்தால் அவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைக்கக் கேட்கலாம்! பிரான்ஸில் சிவில் கலியாணம் முடிந்த பிறகுதான் சமயச் சடங்கு.

இந்த ஒரு நாள் அதிகாரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் எல்லைக்குள்தான். பொஸ்டனில் கிடைத்த கடதாசியைக் கொண்டுவந்து உப்புவெளியில் நீட்ட முடியாது.

இன்னொரு பக்கம் தமிழ்நாடு. அங்கே ஐயரில்லாத, தலைவர் ஒருவர் தலைமையில் நடக்கும் கலியாணங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பின்னால் தனிச் சட்டத் திருத்தம் இருக்கிறது. அண்ணாதுரை ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் தங்களுக்கு விளங்கும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். நடத்திவைப்பவர் என்று ஒருவர் சட்டத்துக்குத் தேவையே இல்லை. எனக்கு மிகப் பிடித்த சட்டம். ஆனால் அது பாக்கு நீரிணையைத் தாண்டவில்லை. சென்னையில் சரியென்றால் இங்கேயும் சரியென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வெளிநாட்டில் முடித்து வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஊரில் பாட்டிக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று இங்கேயும் ஒரு தடவை எழுத்தை வைக்காதீர்கள். இங்கே கொடுக்கும் அறிவித்தலில் விவாக நிலை என்ன என்று கேட்கப்படும். ஏற்கெனவே முடித்தவர் "விவாகமாகாதவர்" என்று எழுதினால் அது பொய் வெளிப்படுத்தல். இரண்டு திகதியில் இரண்டு சான்றிதழ் வைத்துக்கொண்டு குடிவரவு அதிகாரி முன் உட்காருவது யாருக்கும் நல்லதல்ல. பாட்டிக்குத் தாலிகட்டு போதும். எழுத்தைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார்.

எழுத்தே இல்லாமல்

இதை ஒரு வழியாக எழுதவே எனக்கு விருப்பமில்லை. ஆனால் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரியப்பா நடத்தினால் போதும், பதிவு எதற்கு?

இலங்கையில் வழக்காற்றுக் கலியாணங்களை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன என்பது உண்மை. பதிவில்லாததாலேயே ஒரு கலியாணம் கலியாணமில்லை என்று ஆகிவிடாது. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். எந்தச் சடங்கு நடந்தது, வழக்கப்படி நடந்ததா, ஊர் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்றதா என்று சாட்சி தேட வேண்டும். பெரியப்பா தன் விருப்பப்படி அமைத்த புதுச் சடங்கு என்றால் "வழக்கம்" என்று காட்டுவது இன்னும் கடினம். பதிவு இருந்தால் அந்த ஒரு பதிவே மிகச் சிறந்த சான்று என்று சட்டம் சொல்கிறது. 

திருகோணமலையில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தும் 2004 சுனாமியிலும் வீட்டோடு கடதாசிகளை இழந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். பதிவு இருந்தவர் பிரதி எடுத்துக்கொண்டார். பதிவே இல்லாதவர் எதைப் பிரதி எடுப்பது? கணவனின் ஓய்வூதியம், காணி உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு மேசையிலும் அதே கேள்வி வரும்.

நாள் கணக்கு

எந்த வழியானாலும் இங்கே எழுத்து வைப்பதென்றால் கணக்கு இப்படி. அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். இருவரும் வேறு வேறு பிரிவு என்றால் இரண்டு இடத்திலும் அறிவித்தல். அது பதிவான நாளிலிருந்து 12 நாள் பொறுத்துச் சான்றிதழ் கிடைக்கும். காத்திருக்க நேரமில்லையென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. அறிவித்தல் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், ஆகவே ஒரேயடியாக முந்திக்கொள்ளவும் கூடாது.

மூன்று வார விடுமுறையில் வரும் மாப்பிள்ளை விமானம் ஏறும் முன்பே, இங்கே இருக்கும் பெண்ணின் பக்கத்து அறிவித்தலைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். மாப்பிள்ளை கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், விவாகமாகாதவர் என்பதற்கான அத்தாட்சி எல்லாம் கொண்டுவர வேண்டும். முன்பு விவாகரத்தானவர் என்றால் இறுதித் தீர்ப்பின் பிரதியும் வேண்டும். இருவருமே வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள் என்றால், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் ஒருவரை அனுப்பி முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். பதிவேட்டில் பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே விழுகின்றனவா என்று கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகினால் திருத்தப் பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

அப்போ பெரியப்பாவுக்கு என்ன கொடுப்பது

எழுத்தை முன்னதாக முடித்தவர்கள் அவருக்கு முழுச் சடங்கையும் கொடுக்கலாம். ஆனால் வெறும் பேச்சாக விட்டால் அது வரவேற்புரை மாதிரிப் போய்விடும், மற்றவர்கள் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள். எங்கள் சடங்கிலேயே உறவினர் கையால் நடக்கும் பகுதிகள் நிறைய இருக்கின்றன. பெண்ணின் தகப்பன் தாரை வார்ப்பது, பெண்ணின் சகோதரன் பொரி இடுவது, மாப்பிள்ளைத் தோழன் உடன் இருப்பது. அவற்றை எடுத்துவிடாமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து நடத்துபவராகப் பெரியப்பாவை வையுங்கள். தமிழ் படித்தவர் என்றால் திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தில் ஒரு பாட்டைப் பாடித் தொடங்கட்டும். இந்த ஊருக்கே உரிய தேவாரம் இருக்கும்போது வேறெங்கோ தேடத் தேவையில்லை. நேரத்தை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற அதிபர் என்றால் இரண்டு தடவை பேசிக்கொள்ளுங்கள்.

ஐயரும் வேண்டும், பெரியப்பாவும் வேண்டும் என்று வீடு இரண்டாகப் பிரிந்தால் ஓமத்தை ஐயரிடம் விட்டு, ஒவ்வொரு கிரியைக்கும் முன்னால் அது என்னவென்று தமிழில் சொல்லும் வேலையைப் பெரியப்பாவிடம் கொடுக்கலாம். சில ஐயர்மார் இதை விரும்ப மாட்டார்கள். ஆளைப் பார்த்துப் பேச வேண்டும்.

இங்கே பதிவாளர் எழுத்து வைக்கும் எந்த வழியானாலும் பதிவேட்டில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது. சாட்சி. நடத்திவைத்தவர் என்று அவர் பெயரைச் சட்டம் எழுதாது, ஆனால் இரண்டு சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போட்டால் அவர் பெயரும் அந்தக் கலியாணத்தின் சட்டப் பதிவில் நிரந்தரமாக இருக்கும். பிரதி எடுக்கும்போதெல்லாம் கூடவே வரும். வழக்கமாகக் கடைசி நிமிடத்தில் "யாராவது ரெண்டு பேர் வாங்கோ" என்று கூப்பிட்டு, கிட்ட நிற்பவரைப் பிடித்துப் போடுவார்கள். அந்த இடத்தை இப்போதே அவருக்கென்று ஒதுக்கி, அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.